உங்களுக்குத் தெரியுமா? – மரண பயத்துக்கு மருந்தும் துணையும்

★ 'மேஜிக் மஷ்ரூம்' என்றால் நமக்குக் கொடைக்கானல் கைதுச் செய்திகள்தான் நினைவுக்கு வரும். அந்தக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற போதைப்பொருளை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 51 புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தது. 2016 டிசம்பரில் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் சுமார் 80 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும் பதற்றமும் நன்றாகவே தணிந்திருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மரணத்தை எதிரே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஆறு மாத நிம்மதி என்பது சிறிய விஷயமா?

★ விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும் வைத்தியம் அல்ல இது. முதலில் நோயாளியோடு மணிக்கணக்கில் பேசுவார்கள்: குடும்பம், பயம், கடவுள், மனதில் கிடக்கும் குறை என எல்லாவற்றையும் பற்றி. மருந்து கொடுக்கும் நாளில் நோயாளி சோபாவில் சாய்ந்திருப்பார். கண்ணுக்கு மறைப்பு, காதில் இசை. மருந்தின் வேகம் அடங்க ஆறு மணி நேரம் போல ஆகும். அதுவரை துணையாளர்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே இருப்பார்கள். அழுகை வரும், திகில் வரும், கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு வரும் நாட்களில், கண்டது என்ன, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள்.

★ இந்த ஆராய்ச்சியின் வேர் ஒரு தேவாலயத்தில் இருக்கிறது. 1962 புனித வெள்ளியன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சேப்பலில், இறையியல் மாணவர்கள் 20 பேரில் பாதிப் பேருக்கு சைலோசைபின் கொடுத்தார் வால்டர் பாங்கே. மருத்துவமும் இறையியலும் படித்தவர் அவர். பின்னாளில் மேரிலாந்தில் புற்றுநோயாளிகளிடம், இதே வகையைச் சேர்ந்த எல்.எஸ்.டி. மருந்துச் சிகிச்சையை ஆராய்ந்தார். அன்று மாணவர்கள் கேட்ட பிரசங்கம் ஹோவர்ட் தர்மனுடையது. 1935-36இல் இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்து காந்தியைச் சந்தித்தவர் அவர்.

★ அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 2022இல் இதற்காகத் தொடங்கிய ஆய்வு மையத்தில் மனநல மருத்துவர்களும் ஆன்மிகத் துணையாளர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். துணையாளர் தன் சாமியை நோயாளியிடம் திணிக்கக் கூடாது. மருந்தின் பிடியில் இருக்கும் மனம் சொல்வதை எளிதில் ஏற்கும் நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் போதிப்பது அநியாயம். நோயாளி நாத்திகர் என்றால், அவருக்கு எது பெரிதோ அதையே பற்றிக்கொள்ள உதவ வேண்டும்.

★ நம் செட்டிநாட்டுக்கு இந்தத் துணை புதிதல்ல.  படுத்த படுக்கையாகிவிட்ட ஆச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து திருவாசகம் படிக்கும் வழக்கம் இங்கே உண்டு. ஆனால் படிக்கிற அவசரத்தில் ஆச்சியிடம் கேட்க மறந்துவிடுகிறோம். அவருக்கு வேண்டியது பதிகமாக இருக்கலாம். இருபது வருஷமாகப் பேச்சு நின்றுபோன தங்கச்சி வளவுக்குள் வந்து ஒரு நாழி உட்காருவதாகவும் இருக்கலாம்.

★ இந்தியாவில் சைலோசைபினும் எல்.எஸ்.டி.யும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பிடியில் இருக்கின்றன. யாராவது 'தியான மருந்து' என்று கொடுத்தால் தொடாதீர்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களையும், குடும்பத்தில் அது இருப்பவர்களையும் ஆய்வுகளிலேயே சேர்ப்பதில்லை. ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல் சைலோசைபினை அனுமதித்திருக்கிறது. அதுவும் வேறு சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்கு, அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர் மூலமாக மட்டும்.

★ 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இறுதிக்காலக் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், சமூக உறவு, ஆன்மா ஆகிய நான்கின் வலியையும் சேர்த்தே பார்க்கச் சொன்னார். உடல் துடித்துக்கொண்டிருக்கும்போது சாமியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அதற்கு மார்பின் என்ற வலி நிவாரணி வேண்டும். 1985 சட்டத்தின் கெடுபிடியால் அது ஆஸ்பத்திரிகளுக்குக்கூட அரிதாகிப் போயிருந்தது. 2014 திருத்தம் வழியை எளிதாக்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் வலி தணிப்புச் சேவையும் உண்டு. வீட்டில் அப்படி ஒருவர் படுத்திருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே கேளுங்கள்.