சிக்கு விழாமல் தூண்டில் வீச

மும்பையில் கடலோரப் பாறைகளில் நின்று தூண்டில் வீசும் நம் அன்பர்கள் பலர், சிக்கு விழுந்தால் கடைக்காரர் மட்டமான நரம்பைத் தலையில் கட்டிவிட்டதாகத் திட்டுகிறார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் கைப்பழக்கமே காரணம்.

ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது ஸ்பூல் சுழலாது. பிராட்ஃபோர்டு ஆலை அதிபர் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. நூற்கண்டின் நுனி வழியே நூல் கழல்வதுபோல், நரம்பு வளையம் வளையமாகக் கழன்று ஓடும். ஸ்பூலை விளிம்பு வரை நிரப்பினால் பல வளையங்கள் ஒன்றாகப் பாய்ந்துவிடும். 2, 3 மில்லிமீட்டர் குறைவாக நிறுத்துங்கள். ரொம்பக் குறைத்தால் வீச்சு தூரம் போகாது.

இரை நீரில் விழுந்ததும் கைப்பிடியைச் சுற்றியே பெயில் கம்பியை மூடுவது நம்மவர் வழக்கம். கையால் மூடுங்கள், நரம்பை ஒருமுறை இழுத்து விறைப்பாக்கிய பிறகு சுற்றுங்கள். தொளதொளவென்று சுற்றிய நரம்புதான் அடுத்த வீச்சில் குருவிக்கூடாகிறது.

பெரிய மீன் ஓடி, டிராக் நழுவும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றவே கூடாது. 5:1 பல்விகித ரீலில் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் 5 முறுக்கு ஏறும். ஓர் அங்குலமும் உள்ளே வராது. அப்படி ஏறிய முறுக்கை எடுக்க, ஓடும் நீரில் முள்ளும் ஈயமும் இல்லாத வெறும் நரம்பை நீளமாக விட்டுச் சற்று நேரம் பிடித்திருந்தால் போதும், தானே பிரியும்.

அறுத்தெடுத்த சிக்கைப் பாறையில் எறியாதீர்கள். நைலான் எளிதில் மக்காது. பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.