மாஸ்க்கைத் துவைக்காதீங்க!

தர்மபுரி மாவட்டத்தில் கிரானைட் அறுக்கிற, பாலீஷ் போடுகிற வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? சாயந்திரம் அவர் கழற்றிப் போடும் என்-95 மாஸ்க்கையும் சட்டையோடு சேர்த்து சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறீர்களா? வேண்டாங்க!

'அழுக்குப் போக வேண்டாமா?' என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அது வெறும் சல்லடை இல்லை. தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே சமாச்சாரம். மாஸ்க்கின் நடு அடுக்கில் உள்ள பாலிப்ரொப்பிலீன் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்கள். சீப்பில் சீக்கிரம் போய்விடும். இதில் வருடக்கணக்கில் தங்கும். இழைகளின் இடுக்கில் நழுவப் பார்க்கும் நுண்தூசியை இழுத்து ஒட்டவைப்பது அதுதான். 0.3 மைக்ரான் துகளில்கூட 95 சதவிகிதத்தைத் தடுத்துவிடும்.

(இதே பிளாஸ்டிக்கைக் காற்றுக் குமிழ்கள் கொண்ட படலமாக்கி மின்னேற்றினால், அழுத்தும்போதெல்லாம் மின் சமிக்ஞை தரும். ஃபின்லாந்தில் உருவான இந்தப் படலத்தை மெத்தைக்கு அடியில் விரித்து, தூங்குகிறவரின் மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கிறார்கள். கெட்டிக்காரப் பிளாஸ்டிக்தான்!)

சோப்போ ஸ்பிரிட்டோ பட்டால் மாஸ்க்கின் மின்னூட்டம் போச்சு. பார்க்க மட்டும் பளிச்சென்று இருக்கும். அதை நம்பிப் போட்டால் கிரானைட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் இறங்கும். சிலிகோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது, டி.பி.யும் சுலபமாகப் பிடிக்கும்.

மாஸ்க் நைந்தாலோ, மூச்சு இழுக்கச் சிரமமானாலோ புதுசு மாற்றச் சொல்லுங்கள். தாடி வேண்டாம், ஓரத்தில் தூசி புகுந்துவிடும். சட்டையைத் தாராளமாகத் துவையுங்கள், ஆனால் உதறாமல் அப்படியே தண்ணீரில் போடுங்கள்.