யார் ஸார் நீங்கள்லாம்?

கம்ப்யூட்டர் திரையில் வலது கீழ் மூலையில் கடிகாரம் இருக்கிறதல்லவா, அதன் பக்கத்தில் மேலே பார்த்தபடி பொடியாக ஒரு அம்புக்குறி இருக்கும். அதை ஒரு தட்டு தட்டுங்கள். குட்டிக் குட்டிப் படங்களாக ஒரு கூட்டம் தெரியும். எண்ணிப் பாருங்கள். ஏழா? பத்தா? பதினாலா?

அத்தனை பேரும் நீங்கள் பட்டனை அழுத்தின கையோடு ஆஜரானவர்கள். இவர்களில் ஒருத்தரையாவது 'வாங்க, உட்காருங்க' என்று நீங்கள் கூப்பிட்டதுண்டா? யோசித்துச் சொல்லுங்கள்.

கூப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் விஷயம். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஒரு ப்ரோக்ராமை உள்ளே ஏற்றும்போது, 'நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினீர்களே, அப்போது ஒரு சின்னக் கட்டத்தில் 'கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நானும் எழுந்துகொள்ளட்டுமா?' என்று கேட்டிருந்தது. டிக் அடித்ததும் அதுவேதான். நீங்கள் மறுக்கவில்லை, அவ்வளவுதான். சிலது கேட்கவே கேட்காது.

எதற்காக இப்படி வந்து உட்காருகின்றன? தன் மேல் கிளிக் செய்தவுடன் 'டக்'கென்று திறந்தால்தானே 'ஆஹா, என்ன வேகம்!' என்பீர்கள்? அதற்காக முன்கூட்டியே வந்து பாதி திறந்து வைத்துக்கொள்கின்றன. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள உங்கள் காலை நேரத்தைக் கடன் வாங்குகின்றன. திருப்பித் தருவது கிடையாது. சிலது புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று பார்க்க வருகின்றன. சிலது 'நாளையோடு ஆஃபர் முடிகிறது' என்று மூலையில் எட்டிப் பார்ப்பதற்கென்றே வருகின்றன.

பி.காம். படித்த தோஷம், கணக்குப் போட்டுப் பார்த்துவிடுகிறேன். நாளைக்கு 4 நிமிஷம் வீண். வருஷத்துக்கு 300 நாள். ஆக 1,200 நிமிஷம், அதாவது 20 மணி நேரம். எட்டு மணி நேர ஆபீஸ் கணக்கில் இரண்டரை நாள் காஷுவல் லீவ், ஸார்!

பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் இந்தக் கூத்து ரொம்பவே தெரியும். உள்ளே தட்டு சுழல்கிறது. அதைப் படிக்கும் தலைகள் எல்லாம் ஒரே கையில் மாட்டியவை, ஒரே பக்கமாகத்தான் நகரும். ரேஷன் கடையில் பில் போடுகிறவர் ஒருத்தர், 'எனக்கு முதல்ல' என்று கார்டை நீட்டுகிறவர்கள் இருபது பேர் என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான். எஸ்.எஸ்.டி. போட்ட மெஷினில் சுழலும் தட்டு இல்லாததால் க்யூ சீக்கிரம் நகர்ந்துவிடும். ஆனால் வந்தவர்கள் போகமாட்டார்கள். ஞாபக இடத்தில் ஆளுக்கொரு நாற்காலி பிடித்துக்கொள்வார்கள். 4 ஜி.பி. ராம் வைத்திருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம்.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. டாஸ் காலத்தில் 'ஆட்டோஎக்ஸெக்.பேட்' என்று ஒரு ஃபைல் உண்டு. ஆன் ஆனதும் எதெல்லாம் ஓடவேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். வேண்டாத வரிக்கு முன்னால் 'ரெம்' என்று மூன்று எழுத்து சேர்த்தால் அந்த ஆசாமி வாயை மூடிக்கொள்வார். என்ன சுலபம்! 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது இதற்கென்றே 'ஸ்டார்ட்அப்' என்று ஒரு ஃபோல்டர். கூடவே 'ரெஜிஸ்ட்ரி' என்று ஒரு பெரிய பேரேடு. அதற்குள் எந்தப் பக்கத்தில் யார் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சாதாரண மனுஷனால் பார்க்க முடியாது. 'எம்எஸ்கான்ஃபிக்' என்ற கருவி விண்டோஸ் 98-ல் வந்து கொஞ்சம் வெளிச்சம் காட்டியது. 2012-ல் வெளியான விண்டோஸ் 8-ல்தான் அந்தப் பட்டியல் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்துக்கு வந்தது.

அந்த இடத்துக்குத்தான் இப்போது போகப் போகிறோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் - மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதி. (விண்டோஸ் 11-ல் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்'.) வருகைப் பதிவேடு மாதிரி பெயர்கள் வரும். பக்கத்திலேயே எது எவ்வளவு இழுக்கிறது என்று 'ஹை, மீடியம், லோ' என மார்க்கும் போட்டிருக்கும். 'ஹை' என்றால் ஆன் ஆகும்போது ப்ராஸஸரில் 1 விநாடிக்கு மேலோ, டிஸ்க்கில் 3 எம்.பி.க்கு மேலோ தின்கிற ஆசாமி என்று அர்த்தம். வேண்டாதவர் மேல் ரைட் கிளிக், 'டிஸேபிள்'. முடிந்தது. ப்ரோக்ராம் அழியாது. நீங்கள் கூப்பிட்டால் வரும், கூப்பிடாமல் வராது. நாளைக்கே மனசு மாறினால் 'எனேபிள்' பண்ணிக்கொள்ளலாம்.

(ஆபீஸ் லேப்டாப்பில் இந்த வேலை வேண்டாம். அங்கே யார் வரலாம், யார் கூடாது என்பதை ஐ.டி. டிபார்ட்மென்ட் பார்த்துக்கொள்ளும். நம் ராஜ்ஜியம் வீட்டோடு சரி.)

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீஸர். 'அஞ்சு நிமிஷம் ஆகுது தம்பி, சர்வீஸ் கடையில வேற புதுசு வாங்கிடுங்கன்னுட்டான்' என்று செக் புக்கை எடுக்காத குறையாக நின்றார். 'இருங்க ஸார், ஒரு தடவை பார்த்துடலாம்' என்று பட்டியலைத் திறந்தேன்.

பதினாறு பேர். மீட்டிங் ப்ரோக்ராம் மூன்று. பாட்டு ப்ரோக்ராம் ஒன்று. (ஸார் பாட்டு கேட்பது ட்ரான்ஸிஸ்டரில்.) ஒரு ப்ரின்டரின் உதவியாளர் வேறு.

'ப்ரின்டர் எங்க ஸார்?'

'அது போய் ரெண்டு வருஷமாச்சுப்பா. பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்.'

எஜமான் போன பிறகும் ரெண்டு வருஷமாகத் தினம் காலையில் வந்து காத்திருக்கிறது! ஒவ்வொன்றாக டிஸேபிள் செய்துகொண்டே வந்தால், கடைசியில் ஒரு பெயர். தூரத்திலிருந்து இன்னொருவர் நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் ப்ரோக்ராம்.

'இது யார் போட்டது ஸார்?'

'அந்த ப்ரின்டர் மக்கர் பண்ணப்போ நெட்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடிப் போன் பண்ணேன். ஒரு பையன் இதைப் போடச் சொன்னான். இங்கிலீஷ்லயும் ஹிந்தியிலயும் ரொம்ப மரியாதையா பேசினான்.'

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த மாதிரி ப்ரோக்ராம்கள் தம்மளவில் நல்லவைதான். உலகம் பூரா ஆபீஸ்களில் பயன்படுகின்றன. ஆனால் போட்டவன் பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போயிருந்தால், அடுத்த தடவை நம்மைக் கேட்காமலே உள்ளே வரலாம். செல்போனில் இதே தினுசு ஆப்களைப் போடவைத்துப் பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே வங்கிகளை எச்சரித்தது. ஸாரின் பென்ஷன் கணக்கு, ஃபிக்ஸட் டெபாசிட் எல்லாம் இதே மெஷினில்.

இந்த மாதிரி ஆளுக்கு டிஸேபிள் போதாது. இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, ப்ரோக்ராமையே அன்-இன்ஸ்டால் செய்தோம். பேங்க் பாஸ்வேர்டை, ஈமெயில் பாஸ்வேர்டை வேறு ஒரு கருவியிலிருந்து மாற்றினோம். பாஸ்புக்கை எடுத்து ரெண்டு வருஷ வரவுசெலவை ஸாரே டிக் போட்டுப் பார்த்தார். (முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் ஆயிற்றே!) நல்ல வேளை, ஒரு பைசா நகரவில்லை. நகர்ந்திருந்தால் அந்த நிமிஷமே பேங்குக்கும் 1930-க்கும் போன் போட வேண்டும். சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய நம்பர் அது. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

டாஸ்க் மேனேஜர் எல்லாரையும் காட்டிவிடாது. 'சர்வீஸ்' என்ற வேஷத்தில் வருகிறவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. அதற்கு 'ஆட்டோரன்ஸ்' என்று மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் கருவி உண்டு. மார்க் ருஸினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் எழுதியது. 2006-ல் அவர்கள் கம்பெனியையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. இந்த ருஸினோவிச்தான் 2005-ல் சோனி பி.எம்.ஜி.யின் பாட்டு சி.டி. ஒன்று தன் கம்ப்யூட்டருக்குள் ரகசியமாக ஒரு ப்ரோக்ராமை ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர். கம்பெனி சி.டி.களைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. ஆட்டோரன்ஸில் வரும் பட்டியல் தாலுகா ஆபீஸ் வாக்காளர் பட்டியல் நீளத்துக்கு இருக்கும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விவரம் தெரியாமல் டிக் எடுக்காதீர்கள்.

உற்சாகத்தில் எல்லாவற்றையும் டிஸேபிள் செய்கிறவர்களும் உண்டு. ஆன்ட்டி வைரஸைத் தொடாதீர்கள். சவுண்ட், டச்பேட் என்று பெயர் தெரிந்தால் விட்டுவிடுங்கள். என்.எச்.எம். ரைட்டர் மாதிரி தமிழ் தட்டச்சுக் கருவியை நிறுத்திவிட்டு 'தமிழே வரமாட்டேங்குது' என்று மாமியாரைத் திட்டக்கூடாது. ஒன்டிரைவ் விஷயம் இன்னும் ஜாக்கிரதை. போட்டோவெல்லாம் அதன் மூலம்தான் பத்திரமாகிறது என்றால், அது எழுந்திருக்காத நாளில் ஒரு படமும் மேலே போகாது. டிஸ்க் செத்த பிறகுதான் தெரியும்.

சிலது டிஸேபிள் செய்தும் அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்து நிற்கும். மாசம் ஒரு தடவை பட்டியலைப் பாருங்கள். இன்னொன்று, மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்!' என்று அலறுகிறதே, அது பெரும்பாலும் ஸ்டார்ட்அப் கோஷ்டியே இல்லை. ஏதோ வெப்சைட்டில் 'அலௌ' அழுத்தியதன் பலன். ப்ரௌசர் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய் அந்தப் பெயரை நீக்கினால் அடங்கிவிடும். அதில் உள்ள நம்பருக்கு மட்டும் போன் போட்டுவிடாதீர்கள். மரியாதையாகப் பேசும் பையன்தான் எடுப்பான்.

ஸார் வீட்டு மெஷின் இப்போது ஒன்றரை நிமிஷத்தில் தயார். புது கம்ப்யூட்டர் வாங்கவில்லை. நேற்று மாடிப்படியில் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

'என்ன தம்பி பண்ணீங்க? முன்னெல்லாம் அது ஆன் ஆகறதுக்குள்ள மனுஷன் பால் வாங்கிட்டு, காய் நறுக்கிக் குடுத்துட்டுப் போய் உட்காருவார். இப்ப எழுந்ததும் நேரா அதுங்கிட்டதான். பழையபடி ஆக்கித் தர முடியுமா?'