கருத்தும் மிரட்டலும் ஒன்றல்ல



கோடைப் பருவத்தின் ஒரு மாலை. மஃரிபு தொழுகைக்குப் பின் மத்ரஸாவின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். ஏற்காட்டில் எனக்குப் பல்லாண்டுகளாகப் பழக்கமான பெரியவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். மகன் என்னிடம் ஓதியவன். இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகை வண்டி ஓட்டுகிறான். "ஹஜ்ரத், இவன் செய்திருப்பதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கைப்பேசியை நீட்டினார் பெரியவர்.

ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சவாரியைப் பற்றி எழுந்த சண்டை. மற்றோர் இளைஞனின் பெயரைக் குறிப்பிட்டு, "கொண்டை ஊசி வளைவில் பார்த்துப் போ, இனி நீ சேலம் போய்ச் சேரமாட்டாய்" என்று இவன் எழுதியிருந்தான். பக்கத்தில் கத்திப் படம் ஒன்று.

நான் ஏறிட்டுப் பார்த்தேன். "சும்மா பயமுறுத்தத்தான் போட்டேன், ஹஜ்ரத். செய்யவா போகிறேன்? நம் நாட்டில் பேச்சுச் சுதந்திரம் இல்லையா?" என்றான்.

அன்றிரவு அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. நான் சட்டம் படித்தவன் அல்லன். கல்லூரியில் வரலாறு படித்தவன். ஆயினும், பிள்ளைகளின் கைகளில் கைப்பேசியைக் கொடுத்துவிட்ட நாம் அனைவரும் இதனை அறிந்தே ஆகவேண்டும்.

சேலத்தில் தொடங்கிய வரலாறு

பேச்சுச் சுதந்திரத்தின் வரலாற்றில் நம் மலையடிவாரத்திற்கும் ஓர் இடம் உண்டு. சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு வரும் வழியில் அஸ்தம்பட்டிப் பகுதியில் மத்தியச் சிறை இருக்கின்றது. 1950 பிப்ரவரி 11 அன்று அச்சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பொதுவுடைமை இயக்கத்தைச் சேர்ந்த கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். அதற்கு எதிராகக் கண்டனங்கள் எழுந்த காலத்தில், மார்ச் 1 அன்று, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திவந்த 'கிராஸ்ரோட்ஸ்' என்னும் ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்திற்குள் நுழையக்கூடாதென மாநில அரசு தடை விதித்தது.

தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். அவ்வாண்டு மே 26 அன்று தடை செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. அரசை வன்மையாகச் சாடுவது குடிமகனின் உரிமை என்பதற்கு அத்தீர்ப்பு அரணாக அமைந்தது. எனினும், 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, குற்றம் புரியத் தூண்டுதல் ஆகிய காரணங்களுக்காகப் பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்பது 19ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. உரிமையும் உண்டு, அதற்கு எல்லையும் உண்டு என்பதே இதன் சாரம்.

66ஏ பிரிவு வீழ்ந்தது

பிறகு இணையம் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்றொரு பிரிவு 2009 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் ஒருவருக்கு எரிச்சலோ தொல்லையோ தரும் செய்தியை அனுப்பினாலும் மூன்றாண்டுகள் வரை சிறை என்றது அது. 2012 நவம்பரில் மராட்டிய மாநிலத்தின் பால்கரில், ஒரு தலைவரின் மறைவையொட்டி நகரம் முடங்கியதைக் கேள்வி கேட்டு ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினார். தோழி அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவரும் கைது செய்யப்பட்டனர்! நாடே அதிர்ந்தது.

ஷ்ரேயா சிங்கால் இப்பிரிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவையே முற்றாக நீக்கியது. ஒரு பொருளை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, குற்றத்திற்குத் தூண்டுவது ஆகிய மூன்றும் வேறு வேறு. மூன்றாவது நிலையை எட்டும்போதுதான் சட்டம் தடுக்கலாம் என்று நீதிபதிகள் விளக்கினர்.

அப்படியானால் மிரட்டலும் குற்றமில்லை என்றாகிவிடுமா? இல்லை. 66ஏ நீக்கப்பட்டதால் மிரட்டல் என்னும் குற்றம் நீங்கிவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு, ஒருவரின் உடலுக்கோ உடைமைக்கோ நற்பெயருக்கோ தீங்கு செய்வதாக அச்சுறுத்துவதைக் குற்றமென்கிறது. தண்டனை ஈராண்டுகள் வரை. கொலை செய்வதாகவோ கொடுங்காயம் விளைப்பதாகவோ மிரட்டினால் ஏழாண்டுகள் வரை. பெயரை மறைத்து மிரட்டினால் மேலும் ஈராண்டுகள் வரை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இக்குற்றம் இருந்தது.

கோட்டை எங்கே வரைவது?

பெங்களூரில் ஒரு விபத்தின்பின், காவல் அதிகாரி தங்களிடம் கடுமையாக நடந்துகொண்டார் என்று ஒரு தம்பதியர் போக்குவரத்துக் காவல்துறையின் முகநூல் பக்கத்தில் எழுதினர். மிரட்டல் வழக்குப் பாய்ந்தது. 2015 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ரத்துச் செய்தது. அச்சம் விளைவிக்கும் நோக்கம் இல்லாத வெறும் சொற்கள் மிரட்டல் ஆகா என்றது.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். சட்டம் தேடுவது அச்சமூட்டும் நோக்கத்தை. "செய்யவா போகிறேன்? சும்மா பயமுறுத்தத்தான்" என்று என் மாணவன் சொன்னான் அல்லவா? அதைத் தன் தரப்பு நியாயம் என்று அவன் எண்ணினான். உண்மையில் அது ஒப்புதல் வாக்குமூலம்! செய்யும் எண்ணம் இல்லாவிடினும், அஞ்சவைக்கும் எண்ணத்தோடு மிரட்டினாலே குற்றம் ஆகிவிடும்.

இந்தக் கோட்டை அதிகாரம் உடையோர் மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் ஒரு சான்று உண்டு. ஓய்வுபெற்ற அரசு அலுவலர் ரம்ஸி ராஸிக், 2020 ஏப்ரலில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் விசைப்பலகையாலும், கருத்தளவிலான ஜிஹாதாக எதிர்கொள்ள வேண்டுமென முகநூலில் எழுதினார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் காவல்துறையில் புகார் அளித்தார். ஆனால் கைதானவர் அவரே! ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, இழப்பீடும் வழங்க ஆணையிட்டது. கருத்து சொன்னவர் சிறையில், மிரட்டியவர்கள் வெளியில்! பேச்சுரிமை நமக்கு எவ்வளவு தேவையானது என்பதை இது உணர்த்தவில்லையா? அந்த உரிமையின் பெயரால் மிரட்டலை நியாயப்படுத்தினால், உரிமையையே நாம் மலிவாக்குகிறோம்.

நம் இல்லங்களில்

மிரட்டல் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ வந்தால் பதிலுக்கு மிரட்டாதீர்கள். அழிக்கவும் அழிக்காதீர்கள். எண், நாள், நேரம் தெரியுமாறு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்திலோ, மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ முறையிடுங்கள். பெண்பிள்ளைகள் இவ்வாறு ஒன்றைக் காட்டினால் கைப்பேசியைப் பறிக்காதீர்கள். அடுத்த முறை அவர்கள் உங்களிடம் சொல்லவே மாட்டார்கள்.

மறுநாள் காலை அந்தத் தந்தையும் மகனும் நானும் மற்ற இளைஞனின் வீட்டிற்குச் சென்றோம். மூன்று நாட்களாக அவன் வண்டியை எடுக்கவில்லை. பருவகால வருமானம் போயிற்றே என்ற கவலையைவிட, மகன் மலைப்பாதையில் இறங்கினால் திரும்பி வருவானோ என்ற கவலையில் அவன் தாயார் வாசலிலேயே அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, மகனை உள்ளே போகச் சொன்னார்.

அதைப் பார்த்த பிறகே என் மாணவனின் தலை தாழ்ந்தது. "அம்மா, நான் சும்மாதான்..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. பிறகு, "தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள்" என்றான். புகார் கொடுப்பதும் விடுப்பதும் உங்கள் உரிமை என்று அவன் தந்தை சொன்னார். அந்தத் தாய் நெடுநேரம் பேசவில்லை. "இரண்டு பேரும் அதே பாதையில்தானே வண்டி ஓட்டவேண்டும்" என்று மட்டும் இறுதியில் சொன்னார். அன்று பிற்பகல் இருவரின் வண்டிகளும் நிறுத்தத்தில் நின்றன.

நாவையும் கையையும் சேர்த்தே பேணச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கைப்பேசியின் காலத்தில் கைவிரலே நாவாகிவிட்டது. அநீதியைக் கண்டால் அஞ்சாமல் எழுதுவோம். ஆனால் நம் எழுத்தால் எந்தத் தாயும் வாசலில் அஞ்சி அமராதிருக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு அந்த நிதானத்தை வழங்குவானாக! ஆமீன்.