சரக்கைப் பார்க்காமல் பங்கு வாங்கலாமா?

மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டைப் பருப்புக்குக்கூட விலை பேசாத நம் வணிகர்கள் சிலர், பத்து ரூபாய்ப் பங்கு நூறு ரூபாயாகும் என்ற பேச்சை நம்பிக் கடை முதலை எடுத்துப் போடுவது வேதனைக்குரியது.

2022 ஜூலையில் சாத்னா பிராட்காஸ்ட் என்னும் சிறிய நிறுவனத்தைப் பற்றி யூடியூபில் காட்சிகள் வெளிவந்தன. அதானி குழுமம் அதை வாங்கப் போகிறது என்றும், நான்கு பக்திப் படங்களுக்கு ஓர் அமெரிக்க நிறுவனம் 1,100 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்துள்ளது என்றும் அவற்றில் சொல்லப்பட்டது. விலையும் வியாபார அளவும் ஏறின. சிறு பங்குதாரர் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆயிற்று. அதே வேளையில் பெரும் பங்குதாரர் சிலர் ஏறிய விலைக்கு விற்றனர். செய்திகள் பொய்யானவை என்று கண்ட செபி, 2023 மார்ச்சில் இடைக்கால உத்தரவு மூலம் பலருக்குச் சந்தையில் ஈடுபடத் தடை விதித்தது.

சிறிய பங்குகளில் புழக்கம் குறைவு. ஒரு கூட்டத்தார் தமக்குள் வாங்கி விற்றாலே விலை ஏறும்; வியாபாரம் பெருகியதுபோல் தோன்றும். ஆகவே விலையேற்றம் செய்திக்குச் சாட்சியாகாது.

பணம் போடுமுன் மூன்றைப் பாருங்கள். செய்தியை நிறுவனமே பங்குச் சந்தைக்கு அறிவித்திருக்கிறதா? காலாண்டுக் கணக்கில் விற்பனையும் இலாபமும் உண்டா? நிறுவனர்களின் பங்கு குறைந்து வருகிறதா? இவை மும்பை பங்குச் சந்தையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

கொள்முதல் பாக்கிக்கும் ஆட்களின் சம்பளத்துக்கும் உரிய பணம் இத்தகைய பங்குகளுக்குப் போகவே கூடாது.