கன்னியரின் ஆயுட்கால விரதம்

அந்தமானின் ஃபீனிக்ஸ் பே துறையில், தீவுகளுக்குச் செல்லும் கப்பலை எதிர்நோக்கி நிற்போரிடையே கத்தோலிக்கக் கன்னியரையும் நாம் காணலாம். பெற்ற தாயையும் பிறந்த ஊரையும் விட்டு, ஆயுள் முழுவதையும் ஒரு சபைக்கு ஒப்படைத்துவிட்டவர்கள் இவர்கள். இஃது எவ்வாறு இயலுகிறது என்று வியப்பவர் பலர்.

கத்தோலிக்கர் இதனைத் ‘தேவ அழைத்தல்’ என்பர். இதற்குரிய ஆங்கிலச் சொல், அழைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்று பிறந்தது. அதே சொல் அரசாங்கக் காகிதங்களில் வரும்பொழுது நாம் ‘தொழில்’ என்று பெயர்த்துவிடுகிறோம். அலுவலகத்திற்கு அது போதும். ஆனால் தொழிலுக்கு ஓய்வூதியம் உண்டு. கன்னியர் கொடுக்கும் வார்த்தைப்பாட்டிற்கு ஓய்வு ஏது?

ஆதலின் திருச்சபை முதல் ஆர்வத்தை உடனே நம்பிவிடுவதில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, நவசந்நியாசம் என்னும் பயிற்சிக் காலம் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையலாகாது. அதன்பின் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் தற்காலிகமாக மேற்கொள்ளும் காலம், குறைந்தது மூன்று ஆண்டுகள். அக்காலம் முடியும்பொழுது ஒருத்தி வீடு திரும்ப விரும்பினால் தடையில்லை. நிலைத்து நிற்பவரே ஆயுட்கால வார்த்தைப்பாடு கொடுக்கின்றனர். மூன்றனுள் மிகக் கடினமானது கீழ்ப்படிதலே என்பது நம் எண்ணம். நன்கு பழகிய ஊரையும், கையில் வளர்ந்த பள்ளியையும் ஒரு கடிதம் கண்டதும் விட்டுப் புறப்பட வேண்டுமல்லவா?

இத்தீவுகளின் கத்தோலிக்க வரலாறு ராஞ்சியோடு பிணைந்தது. 1918 முதல் சோட்டா நாகபுரி மலைநாட்டுத் தொழிலாளர்கள் காட்டு வேலைக்காக இங்கே கொணரப்பட்டனர். 1984இல் போர்ட் பிளேர், இந்நாளைய ஸ்ரீ விஜயபுரம், தனி மறைமாவட்டமாகும்வரை ராஞ்சி அதிமேற்றிராணியாரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்த ராஞ்சி நாட்டில், 1878இல், ஒராவோன் குடும்பமொன்றில் பிறந்தவர் மேரி பெர்னதெத் பிரசாத் கிஸ்போட்டா.

லொரேட்டோ கன்னியரிடம் கற்ற அச்சிறுமி, அவர்களைப் போலவே வாழ விரும்பினாள். வீட்டாரோ திருமணம் பேசினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மணமகன் வீட்டார் பரிசம் அளித்துப் பெண் கொள்ளும் சமூகம் அது. மணமாகாத மகளுக்கு அங்கே என்ன இடம் என்று பெற்றோர் கலங்கியது இயல்பே. மேலும், மலைநாட்டுப் பெண் கன்னியாஸ்திரீ ஆவதற்கு அதுவரை முன்மாதிரியே இருந்ததில்லை. சேர்வதற்கு ஒரு சபை இருந்து, அதில் இடம் கேட்பது ஒன்று. சபையே இல்லாதபொழுது அழைப்பை நம்புவது வேறு.

பெர்னதெத் இணங்கவில்லை. சிசிலியா, வெரோனிக்கா, மேரி என்னும் மூன்று தோழியரும் அவருடன் நின்றனர். 1897 ஜூலை 26 அன்று, அர்ச். அன்னம்மாள் திருநாளில், அந்நால்வரைக் கொண்டே ‘அர்ச். அன்னம்மாளின் புதல்வியர்’ சபை ராஞ்சியில் தோன்றிற்று. பெர்னதெத்திற்கு அப்பொழுது வயது பத்தொன்பது.

1903இல் உர்சுலின் கன்னியர் பெல்ஜியத்திலிருந்து ராஞ்சிக்கு வந்தனர். வழிகாட்டியோர் மாறினர்; ஆட்சியும் மாறி நாடு விடுதலை பெற்றது; பெர்னதெத் அம்மையார் தாம் புகுந்த சபையிலேயே இருந்தார். 1961 ஏப்ரலில் அவர் காலமானபொழுது வயது எண்பத்திரண்டு. மணம் மறுத்த அந்நாளுக்கும் அதற்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.