குறையும் இழுப்பும் காந்தமும்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத் தீவில் உள்ளது திருவானைக்காவல். 1888 நவம்பர் 7 அன்று சர். சி. வி. இராமன் அங்கே பிறந்தார். 1928-இல் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல், ஓரணுத் தடிமனுள்ள படலங்களை ஆராய்வோர்க்கு இன்று இன்றியமையாக் கருவி. அக்கண்டுபிடிப்பில் உடனுழைத்த வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன், கிராபைட்டின் காந்தப்பண்பு திசைக்குத் திசை பெரிதும் வேறுபடுவதைப் பின்னாளில் ஆழ்ந்து ஆராய்ந்தார்.

கிராபைட்டின் ஒற்றை அடுக்கே கிராபீன். பழுதற்ற கிராபீன் இரும்பைப் போன்ற காந்தமன்று. அதன் கரிம அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிய இரு அணிகளாக நிற்கின்றன. ஓரணி அணுவின் அண்டை மூன்றும் மற்ற அணியைச் சேர்ந்தவை. இரு அணிகளும் எண்ணிக்கையில் ஒத்திருப்பதால் எதிர்மின்னிகளின் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஓர் அணுவைப் பெயர்த்தாலோ, ஓர் அணுவின்மேல் ஹைட்ரஜனை அமர்த்தினாலோ அந்தச் சமன் குலைகிறது. இணையிழந்த தற்சுழற்சி ஒன்று எஞ்சிச் சிறு காந்தமாகிறது. 2016-இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் ஊசிமுனையால் ஹைட்ரஜன் அணுக்களை இடம்பெயர்த்தே இதைக் காட்டினர். இரண்டு ஹைட்ரஜன்கள் ஒரே அணியில் அருகருகே அமர்ந்தபோது காந்தம் நிலைத்தது. வெவ்வேறு அணிகளில் அமர்ந்தபோது மறைந்தது. அணுவின் இருப்பிடமே காந்தத்தின் ஆணையாக அமைந்த இந்த ஆய்வை வியக்காமலிருக்க முடியவில்லை!

இத்தகைய குறைபாட்டை ஒளியே காட்டிக்கொடுக்கும். இராமன் நிறமாலையில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1350 அலைகள் என்னுமிடத்துக் கோடு, பழுதற்ற கிராபீனில் தோன்றுவதில்லை. பழுது புகுந்ததும் எழுகிறது. 1580-க்கு அருகிலுள்ள கோடோ, படலத்தை இழுக்கும்போது கீழிறங்குகிறது; நீண்ட பிணைப்புகள் தளர்ந்து மெல்ல அதிர்வதே காரணம்.

ஆனால் சிறு காந்தங்கள் பல இருந்தால் போதாது. அவை ஒருமுகப்பட வேண்டும். மான்செஸ்டரில் ராகுல் நாயர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட அளவீட்டில், கிராபீனின் குறைபாடுகள் நீர்ம ஹீலியக் குளிரிலும் ஒழுங்குபடவில்லை. இயல்பிலேயே ஒழுங்குபடும் ஓரடுக்குக் குரோமியம் அயோடைடு 2017-இல்தான் வெளிப்பட்டது. அதுவும் 45 கெல்வினுக்குக் கீழேதான் காந்தமாகும்.

ஆகவே, காந்தத்தை ஆளக் குறைபாட்டைவிட இழுப்பையே நான் மேலாகக் கருதுகிறேன். பெயர்த்த அணுவை மீண்டும் பொருத்துவது அரிது; இழுத்த படலத்தையோ தளர்த்திவிடலாம். அணுக்களின் இடைவெளியும் பிணைப்புக் கோணமும் மாறினால் தற்சுழற்சிகளின் உறவும் மாறும். எடுத்துக்காட்டாக, குரோமியம் சல்ஃபைடு புரோமைடு என்னும் அடுக்குக் காந்தப்பொருளில் அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிர்த் திசையில் காந்தமுற்றிருக்கும். 2022-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அதை இழுத்தபோது எல்லா அடுக்குகளும் ஒரே திசையில் நின்றன. இழுப்பைத் தளர்த்தியதும் பழைய நிலைக்கே மீண்டன.